சாயங்காலக் கீரை

என் மூத்த மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது உச்சிக்குச் சற்றுப் பின்னால் ஒரு புடைப்பு கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். கேட்டதற்கு, விளையாடும்போது விழுந்துவிட்டேன் என்றாள். விழுந்த பிள்ளைக்கு முழங்காலில் சிராய்ப்பு இருக்கும். உச்சந்தலையில் புடைப்பு இருக்காது. ஆனாலும் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று அன்று முழுவதும் தோன்றிக்கொண்டே இருந்தது. கேட்டிருந்தால், கேட்டது தப்போ என்று தோன்றியிருக்கும். என் கணவர், பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் சகஜம் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

சகஜம்தான். என் தலையிலும் அப்படிப் புடைப்புகள் இருந்திருக்கின்றன.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு முன்னால். எங்கள் வீடு ராஜபாளையத்தில். அப்பா ஒரு பஞ்சு பேக்டரியில் எடைக் குமாஸ்தா. எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, இருந்தாள். பெரியப்பா கோர்ட்டில் நகல் எழுதுகிறவர். அவர்களுக்குப் பிள்ளையில்லை. என்னை அங்கே வைத்துப் படிக்க வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, எங்களோடு இருந்த அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, அது பிடிக்கவில்லை.

"பைபிள் வாசிக்கத் தெரிஞ்சாச்சு, கடுதாசி எழுதத் தெரிஞ்சாச்சு. இன்னும் என்னத்தத் தெரியணுமாம்?" என்றாள்.

அப்பா அத்தையின் பேச்சைத் தட்டுகிறவர் இல்லை; அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருக்கக் கூடியவரும் இல்லை. அதனால் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார். "ஒரு வருஷம் பார்ப்போம். பிள்ளைக்குப் படிப்பு ஏறலைன்னாலும் சரி, வம்பு தும்புன்னு ஏதாவது காதில விழுந்தாலும் சரி, அன்னைக்கே கூட்டிட்டு வந்திருவேன்" என்றார். இந்த இரண்டையும் நான் நன்றாக மனப்பாடம் செய்துகொண்டுதான் பஸ் ஏறினேன். எனக்குப் பள்ளிக்கூடம் பிடித்திருந்தது. ஏன் என்று சொல்லத் தெரியாது. சுண்ணாம்பு வாசனையிலிருந்து எல்லாமே பிடித்திருந்தது.

நான்காம் வகுப்பில் மனக்கணக்கு நேரத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. அந்தக் காலத்தில் அநேகப் பள்ளிக்கூடங்களில் இருந்திருக்கும். டீச்சரம்மா ஒரு கணக்குச் சொல்வார். எல்லாரும் வரிசையாக நின்று ஒவ்வொருத்தியாகப் பதில் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவள், தனக்கு முன்னால் தப்பாகச் சொன்ன எல்லார் தலையிலும் குட்டிக்கொண்டே போய் உட்கார வேண்டும். டீச்சரம்மா அந்நேரம் தலை நிமிர மாட்டார். மேஜையில் அடுக்கியிருக்கும் சிலேட்டுகளைத் திருத்திக்கொண்டிருப்பார். மேற்பார்வையெல்லாம் காதால்தான். குட்டு விழும் சத்தம் வராவிட்டால், "சத்தத்தையே காணோமே" என்பார். மெதுவாகக் குட்டியவள் அவரிடம் போய், குட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தன் தலையிலேயே வாங்கித் தெரிந்துகொண்டு வர வேண்டும். ஆகையால் யாரும் யாருக்கும் இரக்கம் காட்டுவதில்லை.

எனக்கு மனக்கணக்கு வரும். அப்பா ராத்திரிச் சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் மணங்கு, துலாம் என்று எடைக் கணக்குகளாகக் கேட்டுக் கேட்டுப் பழக்கியிருந்தார். வந்த புதிதிலேயே வகுப்பில் பாதித் தலைகளை நான் குட்டியாகிவிட்டது. அதில் எனக்குப் பெருமை இருந்ததாக நினைவில்லை. கரும்பலகை துடைப்பதைப் போல அதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான்.

அந்தத் தலைகளில் ஒன்று பேச்சியம்மாளுடையது. எங்களைவிட மூன்று வயதாவது பெரியவள். வசதியான வீடு, மாடுகள் நிறைய வைத்துப் பால்கோவா கிண்டி விற்கிறவர்கள். காதில் கல் வைத்த தோடு போட்டிருப்பாள். பள்ளிக்கூடத்தில் போடுவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்து அவளைத் தாமதமாகச் சேர்த்திருந்தார்கள். கணக்கு அவளுக்குச் சுத்தமாக வராது. வகுப்பில் எல்லாரையும்விட ஒரு தலை உயரம். அவளைக் குட்டுவதற்கு நான் குதிகாலைத் தூக்கிக்கொண்டு எட்ட வேண்டும். அவள் குனிய மாட்டாள். நான் எட்டுகிற வேடிக்கையைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து பெரியம்மா வீட்டுக்கு வரும் வழி குளத்தங்கரையை ஒட்டிப் போகும். ஒரு நாள் சாயங்காலம் அங்கே வேப்பமரத்தடியில் பேச்சி நின்றிருந்தாள். கூட இரண்டு பேர்.

"ஏட்டி ராசபாளையத்துக்காரி, நில்லு. இன்னைக்கு எனக்கு எத்தன வச்ச?"

"மூணு."

"ரெட்டிப்பாக்கு."

"ஆறு."

"பாத்தீகளா, டக்குனு சொல்லுதா. சும்மா சொல்லக் கூடாது" என்று தன் கூட்டாளிகளிடம் மெச்சிவிட்டு, ஆறையும் வைத்தாள். பெரிய இரும்புச் சட்டியில் துடுப்புப் போட்டுக் கிண்டிப் பழகிய கை. ஒவ்வொன்றுக்கும் எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. முடிந்ததும், கீழே விழுந்திருந்த என் ரிப்பனை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தாள். "நாளைக்கு வா" என்றாள்.

அதன்பிறகு அது தினப்படி ஏற்பாடாகிவிட்டது. அடியைவிட, அந்தக் கணக்கை என் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ஒரு நாள் குறைத்துச் சொல்லிப் பார்த்தேன்.

"தப்பு" என்றாள் பேச்சி. "தப்பாச் சொன்னா என்ன செய்யணும்னு டீச்சரம்மா சொல்லுதாவ?" அதற்கென்று தனியாக ஒன்று விழுந்தது.

வீட்டில் சொன்னால் அது வம்பு. வம்பு என்றால் ராஜபாளையம் பஸ். அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வகுப்பில் தப்பாகப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். பேச்சியோடு சேர்ந்து நானும் நின்று, மற்றப் பிள்ளைகளிடம் குட்டு வாங்கிக்கொண்டேன். அவர்கள் குட்டு பேச்சியின் குட்டில் கால்வாசி வலிக்காது. குளத்தங்கரையில் தீர்க்க வேண்டிய பாக்கியும் இல்லை. என்ன, சில நாள் வாய் தவறிச் சரியான பதில் வந்துவிடும். அன்றைக்கு மட்டும் ரிப்பன் கீழே விழும். மொத்தத்தில் இது நல்ல ஏற்பாடாகவே எனக்குப் பட்டது. அப்பா போட்ட இரண்டு நிபந்தனைகளில் ஒன்றிலிருந்து தப்பி இன்னொன்றில் போய் விழுந்துகொண்டிருக்கிறேன் என்பது தெரியவில்லை.

டீச்சரம்மாவும் எங்கள் சபைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பெரியம்மாவை நிறுத்தினார். "ஒங்க தங்கச்சி மக வந்த புதுசுல நல்லாச் செஞ்சா. இப்ப மண்டைல ஒண்ணுமே நிக்க மாட்டேங்கு. மூணாம் வகுப்புக்கே இறக்கிறலாமான்னு பாக்கேன். அவ அப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைங்க" என்றார்.

பெரியம்மா வீட்டுக்கு வந்ததும் என்னை உட்கார வைத்து, பின்னலை அவிழ்த்து எண்ணெய் தேய்த்தாள். அவள் விரல் ஓர் இடத்தில் நின்றது.

"இது என்னட்டி?"

"தூண்ல இடிச்சுக்கிட்டேன்."

விரல் நகர்ந்தது. "இது?"

"அதே தூண்தான்."

"அந்தத் தூணு ஒன்னையத் தேடித் தேடி வந்து இடிக்கோ?"

நான் அழுது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் சொல்லக் கூடாது என்பதையும் சொன்னேன். பெரியம்மா பின்னலைப் போட்டு முடித்தாள். பிறகு, "ராஜபாளையத்துல மூச்சு விடாத. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

அத்தோடு என் கவலை தீர்ந்துவிட்டது. பெரியம்மா ஏழாவது வரை படித்தவள். தெருவில் மாமியார் மருமகள் சண்டை வந்தாலும், சுவர் தகராறு வந்தாலும் அவளைத்தான் வந்து கூப்பிடுவார்கள். அவளுக்குத் தெரியாதது ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

பெரியம்மாவின் முதல் யோசனை சவுரி. எங்கள் சபையில் பெண்கள் பூ வைப்பதில்லை. தலையில் சிங்காரம் என்றால் கொண்டை கொஞ்சம் பருமனாக இருப்பதுதான். அதற்காகப் பெரியம்மா ஒரு சவுரிமுடி வைத்திருந்தாள், நல்ல நீளத்தில். அதைச் சும்மாடு போலச் சுருட்டி என் உச்சியில் வைத்து, என் முடியை மேலே போர்த்தி ஊசி குத்தினாள். கண்ணாடியில் பார்த்தால் கோழி அடை கிடக்கிற மாதிரி இருந்தது. பெரியம்மா தானே ஒரு குட்டு வைத்துப் பார்த்தாள். "வலிக்கா?" "இல்ல." இரண்டாவது இன்னும் பலமாக. "இப்ப?" "இல்ல." இரண்டு பேரும் சிரித்தோம்.

அன்று வகுப்பில் ஒன்றுவிடாமல் சரியாகச் சொன்னேன். டீச்சரம்மாகூட ஒரு தடவை தலை நிமிர்ந்து பார்த்தார்.

குளத்தங்கரையில் பேச்சியின் முதல் குட்டு மெத்தையில் குத்தியது போல அமுங்கிப் போயிற்று. அவள் கையைப் பார்த்தாள். என் தலையைப் பார்த்தாள். பிறகு ஊசிகளை நீக்கி உள்ளே விரலை விட்டு இழுத்தாள். சவுரி வந்தது. வந்துகொண்டே இருந்தது.

"ஏட்டி, இவ தலைக்குள்ள இருந்து வாலு வருதுட்டி" என்றாள் கூட இருந்தவள்.

அந்த வாலை ஒருத்தி இடுப்பில் சொருகிக்கொண்டு குதித்தாள். கடைசியில் அதை வேப்பமரத்துக் கிளையில் வீசிவிட்டுப் போனார்கள். எனக்கு எட்டவில்லை. அது அங்கேயே தொங்கிக் காக்கை கூட்டுக்குப் போயிற்று. வகுப்பில் என் பெயர் சவுரி ஆயிற்று. பெரியம்மாவிடம் இருந்தது அந்த ஒன்றுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சம்பழம் அளவுக் கொண்டையோடு ஆராதனைக்கு வந்து, எப்போதும் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தாள்.

மறுநாள் சாயங்காலம், "வா, பால்கோவா வாங்கிட்டு வரலாம்" என்று கூப்பிட்டாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. பேச்சி வீட்டுத் தெருவுக்குள் திரும்பியதும்தான் எனக்கு விஷயம் புரிந்தது. பெரியம்மா சண்டை போடப் போகிறாள். சண்டை கோர்ட் வரை போகும். கோர்ட்டில் பெரியப்பாவே நகல் எழுதுவார். அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்றெல்லாம் என் மனசு ஓடியது.

பேச்சியின் அம்மா வாசலுக்கே வந்து, "வாங்கம்மா, கோர்ட்டு ஐயா வீட்டம்மாவா" என்று வரவேற்றாள். உள்ளே அடுப்படியில் பேச்சி துடுப்புப் பிடித்துக் கிண்டிக்கொண்டிருந்தாள். புகையில் கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் துடுப்பு நின்றுவிட்டது.

"அடி பிடிக்கும்டி, கிண்டு" என்றாள் அம்மா.

பெரியம்மா பால்கோவாவை வாங்கி ஒரு விள்ளல் வாயில் போட்டு, பதம் நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு பேச்சியின் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்: "இது என் தங்கச்சி மக. வெளியூர்ப் பிள்ளை, இங்க யாரையும் பழக்கமில்ல. ஒங்க மக விவரமான பிள்ளையா இருக்கா, வழியும் ஒரே வழி. போகவர இவளக் கூடக் கூட்டிட்டுப் போகச் சொன்னா எனக்கு ஒரு நிம்மதி."

"அதுக்கென்னம்மா" என்றாள் அவள். "ஏட்டி பேச்சி, கேட்டியா? நாளையிலருந்து இந்தப் பிள்ளை ஒன் பொறுப்பு. கீழ விழுந்தா, தலைல அடிபட்டான்னு எங் காதுக்கு வந்துச்சு, பொறவு ஒன்னையத்தான் கேப்பேன்."

பேச்சி துடுப்பை விடாமல் தலையை ஆட்டினாள். அடிக்கிறவள் கையிலேயே என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, பெரியம்மா பால்கோவாப் பொட்டலத்தோடு நிதானமாக நடந்து வந்தாள். என்னை ராஜபாளையத்துக்கே துரத்திவிடத்தான் இப்படிச் செய்கிறாளோ என்று அன்று ராத்திரி எனக்குச் சந்தேகம் வந்தது.

காலையில் பேச்சி வாசலில் வந்து நின்றாள். பள்ளிக்கூடம் வரை எனக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தாள். அன்று நான் தப்பாகப் பதில் சொன்னேன். சாயங்காலம் வேப்பமரத்தடியில் நின்று, "நீ வேணும்னுதான தப்பாச் சொன்ன?" என்றாள்.

"ஆமா."

"ஏன்?"

"சரியாச் சொன்னா ஒன்னையக் குட்டணும்."

பேச்சி யோசித்தாள். என்னைத் தொட அவளுக்கு வழியில்லை. ஒரு புடைப்பு வந்தாலும் அவள் அம்மா கேட்பாள். அதற்காக வகுப்பில் வாங்குவதை எல்லாம் சும்மா வாங்கிக்கொண்டிருக்கவும் அவளால் முடியாது. "சரி, நீ சரியாவே சொல்லு. குட்டுதப்ப விரல மடக்கி மேலாக்க வையி. சத்தத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். சொல்லிவிட்டு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு சொடக்குப் போட்டாள். டொக் என்று, அசல் குட்டு மாதிரியே இருந்தது.

மறுநாள் நான் விரலை வைத்தேன். டொக். "ஆத்தே" என்று வேறு அவள் முனகினாள். டீச்சரம்மா சிலேட்டிலிருந்து தலை எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அந்த வித்தையை வகுப்பே கற்றுக்கொண்டுவிட்டது. சொடக்கு வராத சிலருக்கு மட்டும் நிஜமாக விழுந்தது. எங்கள் வகுப்பில் ஒழுங்கு நன்றாக இருப்பதாக டீச்சரம்மா சபையில் பெரியம்மாவிடமே சொன்னார். மூன்றாம் வகுப்புக்கு இறக்குகிற பேச்சு நின்றுபோயிற்று.

பேச்சி அதனால் நல்லவளாகிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். என் கடலைமிட்டாயில் பாதி அவளுக்குத்தான். செட்டியார்பட்டியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த பெண் ஒருத்தியிடம் வேப்பமரத்தடிக் கணக்கு கொஞ்ச காலம் நடந்தது. அவளை யார் பொறுப்பிலும் யாரும் ஒப்படைக்கவில்லை. பெரியம்மா செய்தது சரிதானா என்று இப்போதும் எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியாது. பேச்சி இன்னும் கொஞ்சம் முரடாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எனக்கு அந்த நாட்களில் வந்த ஒரே சங்கடம் கீரை. பேச்சியோடு போய்வர ஆரம்பித்ததிலிருந்து பெரியம்மா தினமும் சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு குளத்தங்கரைக்குப் போய், அங்கே உட்காரும் கீரைக்காரியிடம் கீரை வாங்கி வந்தாள். நான் வந்து கை கால் கழுவுகிற நேரத்துக்குக் கீரைக்கட்டோடு அவளும் உள்ளே நுழைவாள். ராத்திரியில் கீரை சாப்பிடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அதனால் அது மறுநாள் என் தூக்குச்சட்டிக்கு வரும். தண்டுக்கீரை, அரைக்கீரை, மறுபடியும் தண்டுக்கீரை. பெரியப்பாவே ஒரு நாள் கேட்டுவிட்டார்.

"காலைல வாசல்லயே பச்சுனு கீரை வருது. அத விட்டுட்டு அந்தியில போயி வாடுனத வாங்கிட்டு வாரியே."

"மிஞ்சிப் போச்சுன்னு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, பாவம்" என்றாள் பெரியம்மா.

பேச்சிக்கும் அது கண்ணில் பட்டிருந்தது. ஒரு நாள் நடந்துகொண்டிருக்கும்போது, திரும்பிப் பார்க்காமலே, "ஒங்க பெரியம்மா கொடை அந்த மரத்துக்கு அங்கிட்டு நிக்கி" என்றாள்.

"கீரை வாங்க வந்திருப்பாக."

"தெனமுமா?"

"எங்க வீட்ல தெனமும் கீரைதான்."

பேச்சி நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ கணக்குல மட்டுந்தான் புத்திசாலிட்டி" என்றாள். பிறகு, பக்கத்தில் இருக்கும் எனக்குக் கேட்பதற்குத் தேவையில்லாத அளவு உரத்த குரலில், "பாத்து வா, கல்லு கெடக்கு" என்று சொல்லி என் பையையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். நான் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த மாதம் ராஜபாளையத்துக்குப் போனபோது அம்மா தலை வாரினாள். சீப்பு எங்கும் தடுக்கவில்லை. ராத்திரி அப்பா துலாம் கணக்குகளாகக் கேட்டார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன். அத்தை என் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தாள். நான் எட்டாவது வரை படித்தேன்.

இப்போது நாங்கள் ராஜபாளையத்தில்தான் இருக்கிறோம். வில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப் பெரியம்மாவையே கேட்டுவிடலாம். பேச்சி வீட்டுக்குப் போன அன்று, இது பலிக்கும் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்ததா என்று. தெரிந்திருந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கேட்டாலும், கீரை வாங்கத்தான் போனேன் என்பாள்.

என் மகளின் பள்ளிக்கூடம் இருக்கிற தெரு முக்கிலும் ஒரு கீரைக்காரி உட்காருகிறாள். நேற்றுச் சாயங்காலம் நான் கட்டோடு உள்ளே நுழைந்தபோது, என் மகள் கால் கழுவிக்கொண்டிருந்தவள், அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இன்னைக்குமா? காலைல வாசல்லயே வருதேம்மா."

"மிஞ்சிப் போச்சு, பாவம்" என்றேன்.